மியாவடியில் எனக்காக மூடப்பட்ட ஜன்னல்: யாங்கூனிலிருந்து ஒரு சிக்கனச் சூதாட்டப் பயணம்

போன வாரம் ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "யாங்கூனிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய் எல்லையில் சூதாடிவிட்டு வருவார்களாமே, நீங்கள் போனதுண்டா? இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும்?"

போனதுண்டு. 2019 நவம்பரில், என் மனைவியோடு, இருபதாவது கல்யாண நாளுக்காக. இத்தனை வருடம் இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு வெட்கம்தான் காரணம். பயணத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்று: இன்றைக்கு அந்தப் பாதையில் போகாதீர்கள். சண்டையால் ரோடு எப்போது திறந்திருக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. வேலை தருகிறேன் என்று ஆட்களைக் கூட்டிப்போய் அடைத்துவைக்கும் கும்பல்களும் அந்த எல்லைப் பக்கம் வந்துவிட்டன. நான் கீழே தரும் நேரமும் விலையும் 2019-க்கு உரியவை. வேறு ஏதாவது சூதாட்ட ஊருக்குச் சிக்கனமாகப் போய்வர நினைப்பவர்களுக்கு இதில் சில விஷயங்கள் உதவலாம்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்கு இருபத்தாறு வருட எழுத்தர் வேலை. கப்பலில் ஏறிய மூட்டையும் தாளில் இருக்கும் மூட்டையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீடு யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில். மனைவி பெயர் ராஜாத்தி. அப்பா தமிழர், அம்மா பர்மியர் என்பதால் நுவே என்று இன்னொரு பெயரும் உண்டு. நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டிலேயே தைக்கிறாள். ஒரே மகள் மாலா, அப்போது பதினெட்டு வயது.

சூதாடும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆசைப்பட்டது நுவே. அவள் சீட்டாடக் கற்றுக்கொண்டது துக்க வீடுகளில். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தார் துணைக்கு உட்கார்ந்து விடிய விடியச் சீட்டாடுவார்கள். தூக்கம் வராமல் இருக்கும், வீட்டாருக்கும் ஆள் இருக்கிற தைரியம் கிடைக்கும். 'கோமி' என்று ஓர் ஆட்டம். கைக்கு இரண்டு சீட்டு, வேண்டுமானால் மூன்றாவது. கூட்டினால் வரும் கடைசி எண் ஒன்பதுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நுவே பத்து வயதிலிருந்து ஆடுகிறாள், பெரும்பாலும் புளியங்கொட்டைக்கு.

"ஒரே ஒரு தடவை, பச்சைத் துணி விரிச்ச மேசையில நான் உக்காரணும். கோட்டுப் போட்டவன் எனக்குச் சீட்டுப் போடணும்" என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். 2018 கடைசியிலிருந்து வாரம் நாலாயிரம் சாட் எடுத்து ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு வந்தாள். ஒரு வருடத்தில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சேர்ந்தது.

அந்தப் பணத்தை இப்படிப் பிரித்தோம். போக வர பஸ் இரண்டு பேருக்கும் 52,000. ஓரிரவு விடுதி 18,000. சாப்பாடு, உள்ளூர்ச் சவாரி 30,000. ஆட்டத்துக்கு ஆளுக்கு 50,000. அவசரத்துக்கு 10,000. வெள்ளி இரவு கிளம்புவது, சனிக்கிழமை பகல் முழுக்க ஆடுவது, இரவு தங்கி ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்புவது. இந்தத் திட்டத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாக வைத்திருந்தேன். ஐம்பதாயிரம் போனால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று நுவேக்கு மூன்று தடவை சொன்னேன். அவளுக்கு!

இன்னொரு பணமும் எங்களோடு வந்தது. மாலா கணக்கியல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கட்டணம் நாலரை லட்சம், திங்கட்கிழமை கடைசி நாள். வெள்ளி மத்தியானம் பாங்கியில் எடுத்து, மாலா கொடுத்த உறையில் போட்டேன். மாலாவை அன்றே என் தங்கை வீட்டில் விட்டுவிட்டோம், வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது. எங்கள் தெருவில் அந்த மாதம் இரண்டு வீட்டில் திருட்டு. அதனால் பணத்தை உறையோடு என் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டேன். நுவேயிடம் சொல்லவில்லை. சொன்னால் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வருவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தங்கையிடமே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம்தான்.

தின்கன்ஜூனிலிருந்து அவுங் மிங்கலா பஸ் நிலையத்துக்கு டாக்சியில் போனால் ஆறாயிரம் கேட்பார்கள். நாங்கள் நகர பஸ்ஸில் போனோம், ஆளுக்கு 200 சாட். வெள்ளி சாயங்காலக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஐந்து மணிக்கே கிளம்பியது நல்லதாகப் போயிற்று. அந்த நிலையம் ஒரு சின்ன ஊர் மாதிரி. எந்தக் கம்பெனி பஸ் எந்தச் சந்தில் நிற்கும் என்று கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் போன் எண்ணைக் கூப்பிட்டால் ஆள் வந்து அழைத்துப்போவார்.

பஸ் எட்டு மணிக்குச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. எல்லை ஊரான மியாவடி ஏறத்தாழ 430 கிலோமீட்டர். ஏசியைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை, ஸ்வெட்டர் கட்டாயம். பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக் கடையில் அரை மணி நிறுத்தம். விடிவதற்கு முன் இரண்டு இடத்தில் எல்லோரையும் இறக்கி 'மப்பொந்தின்' பார்த்தார்கள். அடையாள அட்டையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அதை மறந்துவிட்டுப் போனால் அங்கேயே பயணம் முடிந்தது. கொக்கரைக் என்ற ஊரைத் தாண்டியதும் மலை ரோடு. ஆனால் ரோடு புதிது, வயிற்றைப் புரட்டவில்லை. ஆறேகாலுக்கு மியாவடியில் இறங்கினோம்.

பல் தேய்த்து, ஒரு டீக்கடையில் மொகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய சேமியா, சாப்பிட்டோம், ஆளுக்கு 800. யாங்கூனில் மோட்டார் பைக் ஓட்டக் கூடாது என்பதால் எங்களுக்குப் பைக் சவாரி அபூர்வம். இங்கே பைக்தான் டாக்சி. நுவே ஒரு பைக்கில், நான் ஒரு பைக்கில். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். புதுப் பெண் மாதிரி இருந்தாள். ஆளுக்கு ஆயிரம்.

சூதாட்டக் கட்டடங்கள் எல்லாம் ஆற்றங்கரையில். ஆற்றுக்கு அக்கரை தாய்லாந்து. அங்கிருந்து படகில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் போன இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று பிறகு புரியும். வாசலில் மப்பொந்தின் பார்த்தார்கள், போனை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டி டோக்கன் கொடுத்தார்கள். லுங்கியோடு போகலாம், செருப்புக்கும் தடையில்லை. உள்ளே கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது. சோறும் குழம்பும் தண்ணீரும் இலவசம், நாள் முழுக்க.

ஆட்டம் தாய்லாந்துப் பணமான 'பாட்'டில். எனவே முதலில் பணம் மாற்றும் ஜன்னலுக்குப் போனோம். அன்றைக்கு ஒரு பாட்டுக்கு ஐம்பது சாட். ஜன்னலுக்குப் பின்னால் முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு பெண். நான் நுவேயிடம் "உனக்கு ஆயிரம், எனக்கு ஆயிரம். அதுக்கு மேல கிடையாது" என்று தமிழில் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நீங்க தமிழா அக்கா?" என்றாள் நுவேயிடம்.

"பாதி. நீ?"

"நானும் பாதி. மொல்மேன்." மௌலமியாயின் என்ற ஊரைத் தமிழர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். மேலே கண்ணைக் காட்டி, "அதிகம் பேசக் கூடாது, கேமரா" என்று சிரித்தாள். இந்தக் கட்டுரைக்காக அவளை மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு.

நுவே அரை மணி நேரம் ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தாள். பக்காரா மேசைக்கு வந்ததும் என் கையைக் கிள்ளினாள். "ஏங்க, இது நம்ம கோமிதான்! பேரை மாத்தி வச்சிருக்கான்." ஏறக்குறைய அதேதான். ஆனால் நீங்கள் சீட்டைத் தொட வேண்டாம். 'ஆட்டக்காரர்' பக்கம், 'பாங்கி' பக்கம் என்று இரண்டு கை போடுவார்கள், எது ஜெயிக்கும் என்று பணம் வைப்பதுதான் வேலை. குறைந்த பந்தயம் ஐம்பது பாட். பச்சைத் துணி இருந்தது. சீட்டுப் போட்டவன் கோட்டுப் போடவில்லை, கழுத்துப்பட்டி மட்டும்தான். "பரவாயில்லை, இது போதும்" என்று உட்கார்ந்தாள்.

அவள் ஆடியது பார்க்க அழகாக இருந்தது. ஐந்து கைக்கு ஒரு கைதான் வைப்பாள், ஐம்பதுக்கு மேல் போகமாட்டாள். தோற்றால் துக்க வீட்டில் உச்சுக்கொட்டுவதுபோல் ஓர் உச்சு. பக்கத்தில் இருந்த தாய்லாந்துக் கிழவியோடு பாஷை தெரியாமலே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் அடுத்த மேசையில். எனக்கு ஆட்டத்தில் ருசி இல்லை, அச்சடித்த ஒரு தாள்தான் என்னைப் பிடித்தது. எந்தப் பக்கம் ஜெயித்தது என்று குறித்துக்கொள்ள ஆளுக்கொரு கட்டம் போட்ட தாளும், சிவப்பு நீலப் பேனாவும் தருகிறார்கள். பாங்கி ஜெயித்தால் சிவப்பு வட்டம், ஆட்டக்காரர் ஜெயித்தால் நீலம். இருபத்தாறு வருடம் கட்டம் போட்ட தாளைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். முப்பது வட்டம் விழுந்ததும் அதில் ஓர் ஒழுங்கு தெரிவதுபோல் இருந்தது. மூன்று சிவப்புக்குப் பிறகு நீலம் என்று நினைத்தேன், நீலம் வந்தது. மறுபடி வந்தது. என் ஆயிரம் பாட் இரண்டாயிரத்து இருநூறு ஆனது. பக்கத்தில் இருந்தவர்கள் என் தாளை எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் என் தாளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு நீலம் வரவில்லை. ஒழுங்கு மாறிவிட்டது, புது ஒழுங்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, ஒழுங்கே கிடையாது என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. இரண்டாயிரத்து இருநூறும் போயிற்று. அப்போதே எழுந்திருக்க வேண்டும். நுவே வந்து, "நான் சாப்பிடப் போறேன், வாங்க" என்றாள். "நீ போ, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்றேன்.

அவள் போனதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, உறையிலிருந்து ஒன்றரை லட்சத்தை எண்ணி எடுத்தேன். தோற்ற ஐம்பதாயிரத்தை மீட்டதும் மீதியை உறையில் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மல்லிகா மூவாயிரம் பாட் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

அந்த மூவாயிரம் எவ்வளவு நேரம் தாங்கியது என்று தெரியவில்லை. தாளில் இருந்த வட்டங்களை வைத்துப் பார்த்தால் நாற்பது கைக்கும் குறைவு. கடைசி ஐந்நூறை ஒரே கையில் வைத்தேன்.

மறுபடியும் ஜன்னலுக்கு நடந்தேன். இந்தத் தடவை கழிப்பறைக்குப் போகவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. உறையை அப்படியே ஜன்னலுக்குள் தள்ளினேன். "எல்லாம் மாத்து" என்றேன், பர்மியத்தில்.

உறையின் மேல் மாலா தன் கையெழுத்தில், கோயில் வகுப்பில் கற்ற தமிழில், 'மாலா படிப்புப் பணம்' என்று எழுதியிருந்தாள். மல்லிகா உறையைத் தன் பக்கம் திருப்பினாள். உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அதை மூடி என் பக்கமே தள்ளிவிட்டு, 'மூடியிருக்கிறது' என்ற பலகையை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

"பாட் தீர்ந்துபோச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி பர்மியத்தில் சொன்னாள். உடனே தலையைக் குனிந்து, பெட்டியைப் பூட்டுவதுபோல், தமிழில் மெதுவாக: "மாமா, வெளிய போங்க. ஆத்தைப் பாத்துக்கிட்டு நில்லுங்க. அக்கா எங்க இருக்காங்களோ அவங்ககிட்ட போங்க."

எனக்கு வந்தது கோபம். பெட்டிக்குள் பாட் கட்டுகள் இருப்பது எனக்குத் தெரிகிறது. "அதோ இருக்கே!" என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், காவலாளி திரும்பிப் பார்த்தான். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் பலகையை எடுக்கவில்லை. பக்கத்துக் கூடத்தில் இன்னொரு ஜன்னல் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அங்கே போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வரிசையில் நின்றேன்.

அந்த வரிசையில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். கையில் உறை. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தபோது அசைந்த உதடு கண்ணை விட்டுப் போகவில்லை. யாரோ ஒரு பெண்ணுக்கு அது படிப்புப் பணமாகத் தெரிந்திருக்கிறது. பெற்றவனுக்கு அது நூறு பாட் வீதம் அறுபது பந்தயமாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் மிச்சம் இருந்தபோது வரிசையை விட்டு விலகினேன். நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

நுவே இரண்டாவது தட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

உறையை அவள் முன்னால் வைத்தேன். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. மாலாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

"எவ்வளவு?"

"ஒண்ணரை லட்சம். நம்ம ஐம்பதாயிரம் போக."

சுற்றிலும் தட்டுச் சத்தம். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையை எடுத்துத் தன் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா டப்பாவுல காசு போடறப்ப எல்லாம் எனக்கு ஒரே பயம்" என்றாள். "அங்க போய் உக்காந்தா எழுந்திருக்க மாட்டேனோன்னு. அதனாலதான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன். இல்லாட்டி பக்கத்து வீட்டு மா ஏயோட வந்திருப்பேன். நீங்க இருந்தா நான் நிறுத்திடுவேன்னு நெனச்சேன். உங்களைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை."

அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அதுதான் என்னை உடைத்தது. அந்தக் கூடத்தில், முன்பின் தெரியாதவர்கள் சோறு தின்னும் இடத்தில் அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அது வழக்கமான காட்சியாக இருக்க வேண்டும்.

ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். நுவே எழுந்து, "இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பந்தய வில்லைகளைப் பணமாக மாற்றப் போனாள். அவள் அதுவரை ஜெயித்திருந்தாள்: ஆயிரம் பாட் ஆயிரத்து முந்நூற்றைம்பது ஆகியிருந்தது. திரும்பி வந்து சொன்னாள்: மல்லிகா மறுபடி ஜன்னலைத் திறந்திருக்கிறாள். நுவே நன்றி சொல்ல வாயெடுத்ததும், "சும்மா இருங்க அக்கா, எண்ணிப் பாருங்க, எண்ணிப் பாருங்க" என்று அதட்டிவிட்டு, நோட்டுகளுக்கு மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறாள். நாலு மணிக்கு வேலை முடியும், பின் சந்தில் நீலப் பந்தல் போட்ட டீக்கடை என்று அதில் எழுதியிருந்தது.

வெளியே வந்தபோது மணி இரண்டு. வெயில் கண்ணைக் குத்தியது. விடுதி வேண்டாம், இன்றைக்கே திரும்புவோம் என்று நுவே முடிவு செய்தாள். பஸ் அலுவலகத்துக்கு நடந்தோம். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. டிக்கெட் கொடுப்பவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சூதாடிவிட்டு வருபவர்களை அடையாளம் காண அவருக்கு அனுபவம் இருந்திருக்கும். "அண்ணன் ரெண்டு வரிசைக்கு நடுவுல பிளாஸ்டிக் முக்காலியில உக்காந்துக்குவீங்களா? அப்படின்னா ஞாயித்துக்கிழமை டிக்கெட்டையே மாத்தித் தர்றேன்" என்றார் பர்மியத்தில். மாற்றுவதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "கெய்சா மஷிபூ" என்று கையை ஆட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். முக்காலி இடத்துக்குக் கட்டணம் குறைவு என்று மூவாயிரம் சாட் திருப்பியும் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்.

நாலேகாலுக்கு மல்லிகா டீக்கடைக்கு வந்தாள். சீருடையை மாற்றியிருந்தாள். வெளியே பார்க்க இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். நுவே அவளுக்கு டீயும் சமோசாவும் சொன்னாள். "அங்க சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுடும்மா" என்றேன்.

"எல்லாரும் போடுவாங்க மாமா. ஒருத்தர் கண்ணாடியில குத்தியிருக்கார்."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? மேலதிகாரி கேட்டாரா?"

"கேட்டார். பாட் எண்ணிச் சரிபார்த்தேன்னு சொன்னேன்." சமோசாவைப் பிட்டாள். "தினமும் பாக்கறேன். நகையை அடகு வச்சுட்டு வர்றாங்க, ஆஸ்பத்திரிக்கு வச்ச காசைக் கொண்டுவர்றாங்க. எல்லாருக்கும் மூடினா ஒரு வாரத்துல என்னை அனுப்பிடுவான். எனக்கும் அம்மா இருக்காங்க, தம்பி படிக்கறான். அதனால மாசத்துக்கு ஒருத்தருக்கு மட்டும் மூடுவேன்னு வச்சுக்கிட்டேன். அதுக்கு மேல முடியாது."

"இந்த மாசம் நானா?"

"இன்னிக்கு இருபத்திமூணு தேதி. அதுவரைக்கும் யாருக்கும் மூடலை. காலையில ஒரு பாட்டி வந்தாங்க. மூடலாமான்னு யோசிச்சேன், மூடலை." அவள் எங்களைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க தமிழ்ல எழுதிக் கொண்டுவந்துட்டீங்க. படிச்சுட்டேன். படிச்ச பிறகு என்ன பண்றது?"

அந்தப் பாட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் மேலே சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது வேறொருவருக்குக் கிடைக்காமல் போனது என்பதையும் சேர்த்துத்தான் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

நுவே தன் பையிலிருந்து ஒரு சட்டைத் துணியை எடுத்தாள். விடுதியில் பொழுது போகாவிட்டால் கையால் ஓரம் தைக்கலாம் என்று கொண்டுவந்தது, பூப்போட்ட பருத்தி. மல்லிகாவின் தோளில் விரலால் சாணளந்து பார்த்து, "உனக்குச் சரியா வரும், யார்கிட்டயாவது தைக்கக் குடு" என்று மடியில் வைத்தாள். மல்லிகா வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "மாமா, திரும்ப வராதீங்க. வந்தா எனக்கு உங்களைத் தெரியாது."

திரும்பும் வழியில் பத்து மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து வந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. நுவேயின் இடத்துக்குப் பக்கத்திலேயே முக்காலி. நடுவில் ஒருமுறை கண்ணயர்ந்து சாய்ந்தபோது அவள் என் தலையைத் தன் தோளுக்கு இழுத்துக்கொண்டாள். விடியற்காலை நாலு மணிக்கு யாங்கூன்.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள், மாற்ற முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைக் காப்பாற்றிய விஷயங்களில் அதுவும் ஒன்று. அந்த நாட்டுச் சட்டம் உள்ளூர்க்காரரை, வெளிநாட்டவரை எந்த அளவு அனுமதிக்கிறது என்று போகுமுன் விசாரியுங்கள். உள்ளே நேரம் தெரியாது, சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஆட வைத்த காசைத் தவிர வேறு காசு உடம்பில் இருக்கக் கூடாது, 'பத்திரத்துக்காக' என்றுகூட. ஒருவர் ஆடும்போது மற்றவர் ஆடாமல் கூட இருங்கள். யார் அந்த மற்றவர் என்று தீர்மானிக்கும்போது, பொறுப்பான ஆள் என்று பெயர் வாங்கியவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்தத் தாளையும் பேனாவையும் வாங்காதீர்கள்.

செலவு பற்றிக் கேட்ட ஈப்போ நண்பருக்கு: இரண்டு பேருக்கு ஒரு லட்சம் சாட்டில் போய் வந்துவிடலாம். ஆட்டம் தனி.

ஞாயிறு காலை தங்கை வீட்டுக்குப் போய் மாலாவைக் கூட்டி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். நுவேயின் ஜெயிப்பு, விடுதிக் காசு, மிச்சம் எல்லாம் சேர்த்தும் நாற்பதாயிரம் போலக் குறைகிறது, சம்பளம் வர ஒரு வாரம் இருக்கிறது என்றேன். ஜன்னலையும் மல்லிகாவையும் பற்றிச் சொன்னேன். மாலா அன்றிரவு எங்களோடு சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மாலா வாசலில் தயாராக நின்றாள். "நானும் வர்றேன்பா. பணம் என்கிட்ட இருக்கு, அம்மா குடுத்துட்டாங்க" என்றாள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வகுப்பு அலுவலகத்தில் இருந்த அம்மாவிடம் குறையும் பணத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டது நான்தான். காரணம் கேட்டார். மாலா என்னைப் பார்த்தாள். "என் தப்பு" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரசீதில் மீதி என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கும் நன்றி.

வெளியே வந்ததும் மாலா முனையில் இருந்த டீக்கடையைக் காட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"உக்காருங்கப்பா" என்றாள். இரண்டு டீ சொன்னாள். தன் பையில் கையை விட்டு, சில்லறையை எண்ணி, அவளே காசு கொடுத்தாள்.